கால்குலேட்டருக்குத் தெரியாத கடைசி இலக்கம்

தனி ஊசல் (நூலில் தொங்கி ஆடும் சிறு குண்டு) சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் கால்குலேட்டர் 9.8204408 என்று காட்டும். அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதுவது பொய் எழுதுவதற்குச் சமம். மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலாலும் கட்டைவிரலால் அழுத்திய ஸ்டாப் வாட்சாலும் ஏழாம் தசம இடம் வரை எட்டவே முடியாது.

அளவீட்டில் உறுதியாகத் தெரிந்த இலக்கங்களும், ஐயத்துக்குரிய கடைசி ஓர் இலக்கமும் சேர்ந்தவையே முக்கிய எண்ணுருக்கள். நூலின் நீளம் 98.9 செ.மீ. என்றால் மூன்று. குண்டின் விட்டத்தை வெர்னியர் (சிறு நீளங்களை நுட்பமாக அளக்கும் கருவி) 2.12 செ.மீ. என்று காட்டினால் ஆரம் 1.06 செ.மீ.; அதுவும் மூன்று. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை எடுப்பதால் இரண்டையும் கூட்டினால் 99.96 வரும். ஆனால் நூலின் நீளம் ஒரு தசம இடம் வரைதானே தெரியும்? அதனால் ஊசலின் நீளம் 100.0 செ.மீ. கூட்டலிலும் கழித்தலிலும் தசம இடத்தைத்தான் பார்க்க வேண்டும், இலக்கங்களின் எண்ணிக்கையை அல்ல. 100.0 என்பதில் கடைசிச் சுழியம் அலங்காரம் இல்லை. மில்லிமீட்டர் வரை பார்த்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. 0.0045-இல் முன்னால் நிற்கும் சுழியங்கள் இடம் காட்டுபவை மட்டுமே, எனவே முக்கிய எண்ணுருக்கள் இரண்டு. வெறும் 4500 என்று எழுதினால் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது, 4.50 × 10³ என்று எழுதினால் குழப்பம் இல்லை.

அடுத்தது நேரம். புவியீர்ப்பு முடுக்கம் = 4π² × ஊசலின் நீளம் ÷ (அலைவு நேரம்)²; ஒரு முறை போய்த் திரும்புவது ஓர் அலைவு, அதற்கு ஆகும் நேரமே அலைவு நேரம். 20 அலைவுகளுக்கு வாட்ச் 40.13 வினாடி காட்டுகிறது. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய 0.2 வினாடி கடந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் வரும் தாமதங்கள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்தாலும், நூறில் ஒரு பங்கு வினாடிக்கு அர்த்தம் இல்லை. 40.1 என்று எழுதுங்கள். 20 என்பது எண்ணிப் பெற்றது, அதில் பிழையில்லை, சரியாக எண்ணியிருந்தால்! வாட்சை அழுத்தும்போது ‘சுழியம்’ என்று தொடங்க வேண்டும். ‘ஒன்று’ என்று தொடங்கினால் உண்மையில் 19 அலைவுகள்தான் ஆகியிருக்கும், விடை 10.9-க்குத் தாவிவிடும்.

அலைவு நேரம் 40.1 ÷ 20 = 2.005 வினாடி. பலர் சறுக்குவது இங்கேதான். மூன்று இலக்கம்தானே என்று இப்போதே முழுமையாக்கினால், 5-ஐ மேலே ஏற்றும் பழக்கம் உள்ளவருக்கு 2.01, இரட்டைப்படை இலக்கத்தில் முடிக்கும் விதியைப் பின்பற்றுபவருக்கு 2.00. முதலாமவரின் விடை 9.77, அடுத்தவரின் விடை 9.87. ஒரே அளவீடு, இரண்டு விடைகள்! இடைப்பட்ட படிகளில் ஓரிரு இலக்கங்களைக் கூடுதலாகவே வைத்திருங்கள். கடைசியில் மட்டும் வெட்டுங்கள். பெருக்கல், வகுத்தலில் மிகக் குறைந்த முக்கிய எண்ணுருக்கள் கொண்ட அளவுதான் விடையைக் கட்டுப்படுத்தும். இங்கே அது 40.1. ஆக, விடை 9.82 மீ/வி². நேரத்தில் 0.1 வினாடி பிசகினாலே விடை 0.05 நகரும் என்பதால், அந்த 2-ஐயும் முழுதாக நம்ப வேண்டாம்.

கழித்தலில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மாதிரியுடன் முகவை (பீக்கர்) 50.12 கிராம், வெறும் முகவை 49.87 கிராம். நான்கு நான்கு இலக்கங்களாக எடை போட்டும் மிஞ்சுவது 0.25, இரண்டே இலக்கம். கொஞ்சமான பொருளைக் கனமான பாத்திரத்தில் வைத்து எடை போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

அலகு மாற்றும்போதும் இதே தவறு நடக்கும். உடல் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் என்று முழு எண்ணாகச் சொன்னால், அது 36.5 முதல் 37.5 வரை எதுவாகவும் இருக்கலாம், பாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை. நாமோ 98.6 என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அந்த .6, 37-ஐ 9/5-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டியபோது வந்து ஒட்டிக்கொண்டது.