செவிலி: பெறாமல் வளர்த்தவளின் பெயர்

திருக்கை மீனின் முள் குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று பாம்பன் கரையில் யாரைக் கேட்டாலும் சுடுதண்ணீரைத்தான் சொல்வார்கள். அந்த நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். ஒருமுறை சுகாதார நிலையத்தில் நான் கண்டது இது. வலியில் துடித்துக்கொண்டிருந்த மீனவரின் கால் வாளிக்குள் போகுமுன், நர்ஸ் தன் முழங்கையை அந்தத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். "இருக்குற வலியில கால் வெந்தாக்கூட இவருக்குத் தெரியாதுண்ணே" என்று கூட வந்தவரிடம் சொல்லி, ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் கலந்தார். கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தாய் சூடு பார்ப்பதும் இப்படித்தான்.

அந்த மீனவர் அவரை 'நர்ஸம்மா' என்றார், உடன் வந்தவர் 'சிஸ்டர்' என்றார். எழுத்தில் அவர் 'செவிலியர்'. செவிலியர் பட்டப்படிப்பு படிக்கும் என் அண்ணன் மகள் விடுமுறைக்குத் தங்கச்சிமடம் வந்திருந்தபோது கேட்டாள்: "ஏன் அத்தை, செவிலின்னா சங்க இலக்கியத்துல வளர்ப்புத்தாய்தானே? ஊசி போடுறவங்களுக்கு எப்படி அந்தப் பேரு வந்துச்சு?"

நல்ல கேள்வி. சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். வள்ளுவரும் இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு குறளைக் கட்டியிருக்கிறார்: 'அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு.' ஈன்றது அன்பு, வளர்ப்பது பொருள் என்ற செவிலி. வளர்ப்பதிலும் பல வேலை உண்டு. நீராட்டுகிறவள், ஊட்டுகிறவள், தாலாட்டுகிறவள், பேச்சுப் பழக்குகிறவள், கையில் ஏந்தித் திரிகிறவள் என்று ஐவகைத் தாயரைப் பிரித்துச் சொல்கிறது நம் மரபு. முழங்கையால் சூடு பார்த்தவர் இவர்களில் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. தலைவி தலைவனோடு ஊரைவிட்டுப் போய்விட்டால், நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள். செவிலி பாலை வழியில் இறங்கி, எதிர்ப்படுகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டே தேடிப்போவாள். கலித்தொகையில் அப்படிப் போகிற செவிலி ஒருத்தி உண்டு. வெயிலில் குடை பிடித்தபடி, கர்ப்பிணிகளின் பட்டியலோடு மீனவர் குடியிருப்பில் வீடுவீடாக ஏறி இறங்கும் கிராம சுகாதார செவிலியரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது.

இனி 'நர்ஸ்'. இதன் வேர் லத்தீனில் 'ஊட்டி வளர்ப்பது' என்ற பொருளுள்ள 'நூட்ரீரே'. அங்கிருந்து பிள்ளைக்குப் பாலூட்டுகிறவளைக் குறிக்கும் சொல் உண்டாகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாற்றங்காலுக்கு நாம் சொல்லும் 'நர்சரி'யும் இதன் உறவுதான். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கை எழுத்து வழக்கில் 'தாதி'. அது வடமொழித் 'தாத்ரி', அதற்கும் பாலூட்டும் தாய் என்றே பொருள். ஆக மூன்று சொல்லும் பிள்ளை வளர்க்கும் வேலையைக் குறித்தவைதான். செவிலிக்கு மாற்றுச் சொல் தேட வேண்டிய தேவையே இல்லை. 'தாதி' தவறில்லை, ஆனால் தமிழில் பணிப்பெண்ணைக் குறிக்கும் வேறொரு 'தாதி'யும் இருப்பதால் நான் செவிலி பக்கமே நிற்பேன்.

ஊட்டி வளர்ப்பவள் நோயாளியின் அருகே வந்த பிறகு, அந்தச் சொல்லின் பொருள் சுருங்கிப் போனது. 1859இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதைப் பற்றியே வருந்தி எழுதினார். வேறு நல்ல சொல் இல்லாததால்தான் 'நர்சிங்' என்கிறேன், மருந்து கொடுப்பதும் பற்றுப் போடுவதும் மட்டுமே என்று அதைக் குறுக்கிவிட்டார்கள் என்றார். அவருக்கு அது நல்ல காற்று, வெளிச்சம், கதகதப்பு, தூய்மை, அமைதி, தக்க உணவு எல்லாம் சேர்ந்தது. நோயாளியின் உயிராற்றல் வீணாகாமல் இவற்றை அமைத்துத் தருவதே வேலை. அடுத்த ஆண்டே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இங்கே இந்திய செவிலியர் கவுன்சிலுக்கான சட்டம் 1947இல் வந்தது. இன்று பட்டப்படிப்பு நான்கு ஆண்டு.

அண்ணன் மகளின் பாடத்தில் செவிலியப் பணிக்கு இலக்கணம் சொன்ன அமெரிக்கச் செவிலியர் வர்ஜினியா ஹெண்டர்சன் வருகிறார். வலுவும் மனமும் அறிவும் இருந்தால் ஒருவர் தனக்குத் தானே செய்துகொள்வதை, அவை குறையும் நேரத்தில் செய்யத் துணை நிற்பதும், கூடிய விரைவில் அவரைத் தன் காலில் நிற்க வைப்பதும் செவிலியர் பணி என்பது அவர் சொன்னதன் சாரம். அமைதியான சாவுக்குத் துணையிருப்பதையும் அதில் சேர்த்திருக்கிறார். பாம்பன் மீனவருக்கு வலுவுக்குக் குறைவில்லை. முள்ளின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் தடுப்பூசி வேண்டும், புண் சீழ் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் தெரியாது. நர்ஸ் அந்த அறிவைத்தான் கொடுத்தார். பிள்ளையைத் தானே நடக்கும்வரை கைப்பிடித்துப் போகிற செவிலியின் வேலைக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

வள்ளுவர் இன்னொரு சொல்லும் தந்திருக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, 'உழைச்செல்வான்' என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது 950ஆம் குறள். இதை உழைப்போடு சேர்த்துப் படிக்கக் கூடாது. 'உழை' என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து பார்க்கிறவர் அவர். மருத்துவரின் கையாள் என்று அங்கே சொல்லப்படவில்லை, நான்கில் ஒரு கூறாக நிற்கிறார். மருத்துவர் சொன்னதை மட்டும் செய்கிறவர் நர்ஸ் என்று நினைப்பவர்கள் இந்தக் குறளைப் படிக்க வேண்டும்.

எழுதும்போது நான் கடைப்பிடிப்பது: பணியாளர் செவிலியர், துறை செவிலியம், நோயாளிக்குச் செய்வது பேணல். 'நர்சிங் கேர்' என்பதைச் 'செவிலியப் பேணல்' என்றால் போதும். பழைய பாட்டில் செவிலி பெண்தான், ஆனால் 'செவிலியர்' என்ற வடிவம் ஆணுக்கும் தடையில்லாமல் பொருந்துகிறது. அண்ணன் மகளின் வகுப்பில் படிக்கும் பையன்கள் தங்களை 'மேல் நர்ஸ்' என்று சொல்லிக்கொள்கிறார்களாம். அவர்களுக்கும் செவிலியர் என்ற பெயரே உரியது, 'ஆண்' என்ற ஒட்டு வேண்டாம் என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.