திறந்தவெளி நீச்சல்: முதல் மூன்று நிமிடமும் கரையேறிய பின் அரை மணியும்

நீண்ட வார விடுமுறை வந்தால் ஏரி, ஆறு, கடல் என்று நீச்சல் போட்டிகள் வரிசைகட்டும். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என இரண்டுக்கும் பெயர் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். நடுவழியில் களைப்பு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்துத்தான் பயிற்சி செய்கிறார்கள். போட்டிகளில் மருத்துவக் குழுவாக நிற்கும் எங்களுக்குக் கவலை தருவது யாரும் எதிர்பார்க்காத இரண்டு நேரங்கள்: நீரில் இறங்கிய முதல் மூன்று நிமிடம், கரையேறிய பின் அரை மணி.

குளிர்ந்த நீர் உடலில் பட்டதும் நம்மையறியாமல் ஒரு பெருமூச்சு உள்ளே இழுபடும். அந்த நொடியில் வாய் நீருக்குள் இருந்தால் நீர் நேராக மூச்சுக்குழலுக்குப் போய்விடும். அடுத்த அரை நிமிடத்தில் மூச்சு தாறுமாறாகும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். இது இரண்டு மூன்று நிமிடங்களில் தானாக அடங்கும். ஆனால் தொடக்க ஊதல் ஒலித்து நூறு பேர் ஒன்றாகப் பாய்வது சரியாக அந்த நிமிடங்களில்தான். குளிர்ச்சி இதயத்தை விரட்ட, முகம் நீரில் மூழ்கி மூச்சை அடக்குவது இதயத்தை மெதுவாக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியில், ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவருக்குத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம்.

இதற்கு முன்னேற்பாடு உண்டு. போட்டிக்கு முந்தைய வாரங்களில் ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம், கூட ஒருவரை வைத்துக்கொண்டு குளிர்ந்த நீரில் இறங்கிப் பழகினாலே இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகும். போட்டியன்று, அனுமதி இருந்தால், தொடக்கத்துக்குப் பத்து நிமிடம் முன்பே இறங்கி, முகத்தை நனைத்து, நீருக்குள் குமிழிவிட்டு மூச்சை வெளியேற்றுங்கள். மூச்சு சீராகும்வரை கையை வீசாதீர்கள். அனுமதி இல்லையென்றால் கழுத்திலும் முகத்திலும் நீரை வாரி அடித்துக்கொண்டு, வெட்சூட்டின் (குளிர் தாங்க உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் நீச்சலுடை) கழுத்துப் பட்டையை இழுத்துக் கொஞ்சம் நீரை உள்ளே விடுங்கள். அப்படியும் பதற்றம் வந்தால் மல்லாந்து மிதங்கள். ஒன்றரை நிமிடம் போனால் போகட்டும்.

உலக நீச்சல் கூட்டமைப்பின் விதிப்படி நீரின் வெப்பநிலை 16 முதல் 31 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். போட்டி நாளன்று, தொடக்கத்துக்கு 2 மணி நேரம் முன், பாதையின் நடுவில், 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அளக்க வேண்டும். கரையோரத்தில் கணுக்கால் ஆழத்தில் எடுத்த அளவு ஏமாற்றும். மேல் வரம்பையும் அலட்சியம் செய்யக் கூடாது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். போட்டி முடிந்து சக வீரர்கள் தேடிய பிறகே அவர் கரைக்கு வராதது தெரிந்தது.

எண்ணிக்கையில் நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்ற இரண்டு எண்ணும் ஒவ்வொரு குழுவுக்கும் பொருந்த வேண்டும். பாதியில் விலகினாலும், இறங்காமலே திரும்பினாலும், கணுக்காலில் கட்டிய சிப்பை (நேரம் பதியும் சிறு மின்னணுப் பட்டை) மேசையில் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போன ஒருவரைத் தேடப் படகுகள் திரும்பினால், நீரில் இருக்கும் மற்றவர்களுக்குக் காவல் குறைகிறது.

அதிகம் பேசப்படாத ஒன்று, நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. நீரைக் குடித்ததால் வருவதல்ல. குளிர்ச்சியும் நீரின் அழுத்தமும் கை கால்களில் உள்ள ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ள, நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து திரவம் கசிகிறது. இறுக்கமான வெட்சூட், உயர் ரத்த அழுத்தம், போட்டிக்கு முன் லிட்டர் கணக்கில் நீர் குடிப்பது எல்லாம் இதைக் கூட்டும். வேகத்தைக் குறைத்த பின்னும் தணியாத மூச்சிரைப்பு, விடாத இருமல், நெஞ்சில் கறகற ஒலி, இளஞ்சிவப்பு நுரைச் சளி ஆகியவை அடையாளங்கள். ‘இன்னும் 200 மீட்டர்தானே’ என்று நீந்தினால் நிலைமை மோசமாகும். கையை உயர்த்திக் காவலுக்கு நிற்கும் கயாக்கை (துடுப்புப் படகு) அழையுங்கள். கரையில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, வெட்சூட்டைத் தளர்த்தி, ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். மறுநாள் போட்டி அவருக்குக் கிடையாது.

விடுமுறைக்கென்றே சில வில்லங்கங்கள் உண்டு. இரவெல்லாம் பயணம், அரைத் தூக்கம், முந்தைய இரவு மது. மது தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால் உடல் வெப்பம் வேகமாகப் போகும், நிதானமும் குறையும். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் இறங்க வேண்டாம். ஜெட் ஸ்கீயும் சுற்றுலாப் படகும் பெருகும் நாட்கள் என்பதால் பளிச்சென்ற ஆரஞ்சுத் தொப்பியும் இடுப்பு மிதவையும் கட்டாயம். ஆனால் அந்த மிதவை அடையாளத்துக்குத்தான். உயிர்காப்பு அங்கி ஆகாது.

கரையேறியதும் விரைத்துப் போனவரைத் தூக்கி நிறுத்தி நடக்கவைப்பது பெரிய தவறு. நீரின் அழுத்தம் நீங்கியதும் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். கிடைமட்டமாகவே தூக்குங்கள். ஓரளவு நன்றாக இருப்பவருக்கும் வெளியே வந்தபின் பத்து முதல் முப்பது நிமிடம்வரை உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். ஈர உடையைக் களைந்து, துடைத்து, முதலில் மேலுடம்புக்கு உடை, பிறகு தொப்பி, உலர்ந்த காலுறை, இனிப்பான சூடான பானம். வெந்நீர்க் குளியல் உடனே வேண்டாம். நடுக்கம் நிற்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடாகாமலே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால், அது அவசர நிலை.

மூச்சின்றி வெளியே எடுக்கப்பட்டவருக்கு நெஞ்சை அழுத்துவதற்கு முன் மூச்சு கொடுங்கள்: ஐரோப்பிய நெறிமுறையில் 5, அமெரிக்க நெறிமுறையில் 2. பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல வேண்டாம். இதயத்துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரும் மின்னதிர்வுக் கருவியின் பட்டைகளை ஒட்டுமுன் மார்பைத் துடையுங்கள்.

கனமழை பெய்து இரண்டு மூன்று நாட்களுக்குள் ஏரியிலோ ஆற்றிலோ போட்டி என்றால் நீர்ப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். சாக்கடையும் விலங்குக் கழிவும் கலந்திருக்கும். காயங்களை நீர் புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். எலிக்காய்ச்சல் வெளிப்பட 2 முதல் 30 நாட்கள் ஆகலாம். அதற்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு வந்தால், எந்தத் தேதியில் எந்த நீரில் நீந்தினீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.