கடலுக்குப் போகிறவருக்கு எந்த லேசர்?

பிளஸ் டூ முடிந்ததும், கல்யாணப் பேச்சு தொடங்கியதும், வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் வந்ததும்தான் ராமநாதபுரம் கரையில் பலருக்கு லேசர் போட்டுக் கண்ணாடியைக் கழற்றும் யோசனை வருகிறது. உடனே கேட்பது "எவ்வளவு செலவாகும்?", அடுத்து "எந்த மெஷின்?" இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: "என் கருவிழி எத்தனை மைக்ரான், அதில் எவ்வளவு எடுப்பீர்கள், மிச்சம் எவ்வளவு நிற்கும்?" கூடவே, மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலை நீங்களே சொல்லிவிடுங்கள். பாம்பனில் விசைப்படகு ஏறுகிறவருக்கும் மதுரையில் ஏசி அறையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்கும் பவர் ஒன்றாக இருக்கலாம். சிகிச்சை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கணக்கு எளிது. கருவிழியின் நடுப்பகுதி சுமார் 520 முதல் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரை ஒட்டிய கனம். பரவலாகச் செய்யப்படும் லேசிக் என்ற லேசர் சிகிச்சையில் அதன் மேல்பரப்பில் 100 முதல் 120 மைக்ரான் கனத்துக்கு ஒரு மடிப்பை வெட்டித் திருப்பி வைத்து, அடியில் லேசரால் செதுக்குகிறார்கள். ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரான் போகும். 520 மைக்ரான் கருவிழியில் மைனஸ் 6 என்றால் மடிப்புக்கு 110, செதுக்கலுக்கு 84, ஆக 194. மிச்சம் 326, பரவாயில்லை. அதே கருவிழியில் மைனஸ் 9 என்றால் 236 போய் 284தான் மிஞ்சும். 250 இருந்தால் போதும் என்பது பழைய பாடம். இன்று பலரும் 300க்குக் கீழே இறங்கத் தயங்குகிறார்கள். மடிப்பும் செதுக்கலும் சேர்ந்து மொத்தக் கனத்தில் 40 சதவீதத்தைத் தாண்டுவதும் நல்லதல்ல. இந்தக் கண்ணில் அது 45. அளவுக்கு மீறி மெலிந்த கருவிழி, கண்ணின் உள்ளழுத்தம் தாங்காமல் மெல்ல முன்னால் பிதுங்கலாம். எக்டேசியா என்ற இந்தக் கோளாறு மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துத் தலைகாட்டும். பிறகு கருவிழியை இறுக வைக்கும் கிராஸ்லிங்கிங், கடின லென்ஸ், முற்றினால் கருவிழி மாற்று என்று அலைய வேண்டியதுதான்.

கனம் மட்டும் பார்த்தால் போதாது. கருவிழியின் வளைவை வரைபடமாகக் காட்டும் டோப்போகிராபி கட்டாயம். கருவிழி தானாகவே மெலிந்து கூம்புபோலப் பிதுங்கும் நோயின் தொடக்கநிலை அதில்தான் அகப்படும். சிலிண்டர் பவர் வருடா வருடம் ஏறுகிறவர்களும், அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். சோதனைக்கு முன் சாதாரண கான்டாக்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரம், கடின லென்ஸை மூன்று நான்கு வாரம் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் அழுத்திய வளைவை அளந்துவிட்டு அதற்கே லேசர் போட்டதாகிவிடும். கண்பாவை விரியச் சொட்டு மருந்து போட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் அதிகமுள்ள கண் நீண்ட கண். விழித்திரை ஓரத்தில் மெலிவோ ஓட்டையோ இருக்கலாம். லேசிக் பவரைத்தான் எடுக்கும், விழித்திரை கழன்றுவிடும் அபாயத்தை எடுக்காது. வயது 18 தாண்டியிருக்க வேண்டும், கடைசி ஒரு வருடத்தில் பவர் அரைக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் காத்திருக்க வேண்டும்.

இனி தொழிலுக்கு வருவோம். லேசிக் மடிப்பு ஒட்டிக்கொள்ளும், ஆனால் பழைய உறுதி முழுதாகத் திரும்பாது. வருடங்கள் கழித்துப் பட்ட பலத்த அடியில்கூட விலகியிருக்கிறது. படகில் கயிறு அறுந்து முகத்தில் அடிக்கும், வலை இழுக்கையில் ஈயக்குண்டு தெறிக்கும், பெரிய மீன் வாலை வீசும். கடலில் இருக்கிறவருக்கு மடிப்பே இல்லாத பி.ஆர்.கே. அல்லது ஸ்மைல் பற்றிப் பேசுவதுதான் எங்கள் பார்வையில் முறை.

பி.ஆர்.கே.யில் கருவிழியின் மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு லேசர் போடுகிறார்கள். தோல் வளர்ந்து மூடும்வரை நான்கைந்து நாள், கட்டுப்போலக் காக்கும் கான்டாக்ட் லென்ஸ் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகவே வலிக்கும், கண்ணீர் கொட்டும். பார்வை தெளிய வாரங்கள் ஆகும். வெயிலில் போனால் கருவிழியில் வெண்மூட்டம் படியும் அபாயம் கூடும். கடலில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வருகிறது. தொப்பி போதாது; பக்கம் மூடிய, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி சில மாதங்களுக்கு வேண்டும்.

ஸ்மைலில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுக்கிறார்கள். வலி குறைவு. பெரும்பாலும் மைனஸுக்கும் சிலிண்டருக்கும்தான் செய்கிறார்கள். பவர் கொஞ்சம் மிஞ்சிவிட்டால் மறுபடி தொடுவது லேசிக்கைவிடச் சிரமம்.

பவர் மிக அதிகம், கருவிழியோ மெலிசு என்றால் ஐ.சி.எல். கருவிழியைச் செதுக்காமல், கண்ணுக்குள் இயற்கை வில்லைக்கு முன்னால் ஒரு லென்ஸை வைக்கிறார்கள், தேவைப்பட்டால் எடுத்துவிடலாம். கண்ணைத் திறந்து செய்வதால் தொற்று, அழுத்தம் ஏறுதல், புரை என்ற அபாயங்கள் உண்டு. கருவிழிக்கும் இயற்கை வில்லைக்கும் நடுவிலுள்ள முன்னறையின் ஆழம் 2.8 மில்லிமீட்டராவது வேண்டும். வருடாந்தரப் பரிசோதனைக்கு வர முடியாதவர் இதில் இறங்க வேண்டாம்.

லேசர் எதுவானாலும் கருவிழி நரம்புகள் பாதிக்கப்படும், கண் சில மாதம் வறளும். மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் சரியாகும், சிலருக்கு நிற்கும். உப்புக்காற்றும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் பறக்கும் மணலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தனுஷ்கோடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முன்கூட்டியே கண்ணீர் சுரப்பை அளக்கும் ஷெர்மர் தாள் சோதனை செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் தாள் 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டும். 5க்குக் கீழே என்றால் முதலில் வறட்சிக்கு வைத்தியம்.

விசைப்படகுக்காரர்களுக்கு நாள் குறிப்பது சுலபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் வாரங்களிலேயே செய்துகொண்டால், கச்சான் வலுப்பதற்கும் படகு இறங்குவதற்கும் முன் ஒன்றரை மாதம் கிடைக்கும். ஜூனில் செய்துகொண்டு அடுத்த வாரம் கடலுக்குப் போவது வீண் வம்பு. பாசி எடுக்க முங்குகிற பெண்கள் குறைந்தது ஒரு மாதம் தண்ணீருக்குள் தலை வைக்கக் கூடாது, பி.ஆர்.கே. என்றால் இன்னும் அதிகம், மருத்துவர் சொன்ன பிறகே.

கண்ணின் மூக்கோரத்தில் சதை வளர்ந்திருந்தால் அதுவே கருவிழியை இழுத்துச் சிலிண்டர் பவரை உண்டாக்கியிருக்கலாம். வெயிலில் உழைக்கும் கரையோரத்தில் இது சகஜம். முதலில் சதையை எடுத்து, சில மாதம் விட்டு மறுபடி அளந்தால் லேசருக்கே தேவை இல்லாமலும் போகலாம்.

நாற்பதை நெருங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மைனஸ் 2 உள்ளவர் 45 வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வலை பொத்துவார். லேசரில் அந்த மைனஸை எடுத்துவிட்டால் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டால்தான் வலைக்கண் தெரியும். தூரத்துக்கு ஒன்று கிடைத்து, கிட்டத்துக்கு ஒன்று போகிறது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் முதல் மாதங்களில் சாதாரணம். இரவுத் தொழில் உள்ளவர் இதைத் தெரிந்தே இறங்க வேண்டும்.

வேலைக்காகச் செய்பவர்கள் அந்த வேலையின் அறிவிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள். ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்தவர் தகுதி இழக்கிறார். கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் தனித்தனி விதி. நிறக்குருட்டுக்கு லேசர் எதுவும் செய்யாது. கப்பல் வேலைக்கான மெடிக்கலில் அதனால்தான் தள்ளினார்கள் என்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

மதுரையில் செய்துகொண்டால் அன்றிரவு அங்கேயே தங்குங்கள். மறுநாள் பரிசோதனையில்தான் மடிப்பில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று தெரியும். திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார வேண்டாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் குறித்த நாளுக்கு மேல் மெடிக்கலில் தாமாக வாங்கிப் போட்டால் கண் அழுத்தம் ஏறும், வலியே தெரியாமல் பார்வை நரம்பு கெடும். வலி கூடினாலோ, சிவந்தாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ அன்றே காட்ட வேண்டும்.

ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் புரை வந்து லென்ஸ் வைக்கும்போது, சிகிச்சைக்கு முந்தைய வளைவு அளவு இருந்தால் பவர் கணக்குத் தப்பும் வாய்ப்பு குறையும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். லேசர் செய்த விவரம் தெரியாத மருத்துவர் எல்லாம் சரி என்று அனுப்பிவிடக்கூடும். முதல் பரிசோதனைத் தாளையும் டோப்போகிராபி படத்தையும் போனில் படம் எடுத்து, வெளிநாடு போனாலும் கையில் கிடைக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.