ஐ, என், ஓ, எஃப்: லாக் கையேட்டில் ஓர் எழுத்து இடம் மாறினால்

இரவு இரண்டரைக்கு போன் அடித்தால் பெரும்பாலும் டிஸ்க் நிரம்பியிருக்கும். அன்றும் அதுதான். பேமென்ட் சர்வரில் 97 சதவீதம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு லாக் ஃபைல் (மென்பொருள் தான் செய்வதை வரி வரியாக எழுதிவைக்கும் ஃபைல்) மட்டும் 38 ஜிபி. மாலை ஆறு மணிக்குத்தான் அந்த சர்வீஸை டெப்ளாய் செய்திருந்தார்கள். ஃபைலின் வாலைத் திறந்தேன். கண் நிற்க முடியாத வேகத்தில் ஓடியது. டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு குவெரியும், அதற்குள் போகும் ஒவ்வொரு மதிப்பும், நடுநடுவே வாடிக்கையாளர்களின் கைபேசி எண்களும்.

டீபக் லெவலில், அதாவது சின்ன விவரத்தைக்கூட விடாமல் எழுதும் அளவில், ஓடுகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் பிடிபடவில்லை. கான்ஃபிக் ஃபைலில் இன்ஃபோ (முக்கியமானதை மட்டும் எழுதும் லெவல்) என்றுதானே இருக்கிறது? நாலு தடவை பார்த்தேன், நாலு தடவையும் இன்ஃபோ என்றே படித்தேன். ஐந்தாவது தடவை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தபோதுதான் உறைத்தது: ஐ, என், ஓ, எஃப்.

எழுதிய பையனை எழுப்பிக் கேட்டேன். "உங்க கையேட்டுல இருந்து அப்படியே எடுத்துப் போட்டேன் அண்ணா" என்றான். உண்மைதான். எங்கள் டீமுக்குள் புழங்கும் கையேட்டில் லாக் அமைப்புக்கான பக்கத்தை மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதியவன் நான். அதே இரவில் எங்கள் மென்பொருட்களின் சோர்ஸ் கோடு இருக்கும் எல்லா ரெப்போக்களிலும் அந்த நாலு எழுத்தைத் தேடினேன். இன்னும் நாலு சர்வீஸ்கள் சிக்கின. அவற்றில் கூட்டம் குறைவு என்பதால் டிஸ்க் நிரம்பவில்லை, யாருக்கும் தெரியவில்லை. மாதக்கணக்கில் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன.

அதுவரை 'டாக்குமென்ட்டில் எழுத்துப்பிழை' என்று யாராவது டிக்கெட் போட்டால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைப்பேன். கட்டுரையில் ஒற்று விட்டுப்போனால் வாசகர் தானாகச் சேர்த்துப் படித்துக்கொள்வார். கையேட்டில் இருக்கும் உதாரண வரியைப் படிக்கப்போவது மனிதர் இல்லையே. காப்பி செய்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார், படிப்பது லைப்ரரி, அதாவது லாக் எழுதுவதற்காக அப்ளிகேஷனுக்குள் சேர்த்திருக்கும் மென்பொருள்.

அந்த லைப்ரரி என்ன செய்யும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. லாக் எழுதும் மென்பொருட்களுக்கு ஒரு குணம் உண்டு. லாக் எழுத முடியவில்லை என்பதற்காக அப்ளிகேஷன் படுத்துவிடக் கூடாது என்று நினைத்துக் கட்டியிருப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதனாலேயே தப்பான அமைப்பைக் கொடுத்தாலும் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடும். ஜாவாவுக்கான லைப்ரரிகளான லாக்4ஜே 1-இலும் லாக்பேக்கிலும் தெரியாத லெவல் பெயரைக் கொடுத்தால் அதை டீபக் என்று எடுத்துக்கொள்ளும். எரர் என்று எடுத்துக்கொண்டாலாவது லாக் குறைந்துபோய் யாராவது கவனிப்பார்கள். எல்லாவற்றையும் எழுது என்று எடுத்துக்கொள்வதால் பிழை வெள்ளமாக மாறுகிறது. வெள்ளம் வரும்வரை எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

லெவல் பெயர்களே ஆளுக்கொரு விதம். ஜாவாவோடு வரும் லாக்கிங்கில் வார்னிங் என்று முழுசாக எழுத வேண்டும். லாக்4ஜேயில் வார்ன். பைத்தானில் வார்னிங், வார்ன் என்று சுருக்கினாலும் ஏற்றுக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் எரர் லாக்கில் வார்ன் மட்டும்தான். வார்னிங் என்று எழுதினால் இப்படி ஒரு லெவலே இல்லை என்று சொல்லி, கிளம்பவே மறுத்துவிடும். இதே வார்னிங்கை லாக்4ஜே 1-க்குக் கொடுத்தால் சத்தமில்லாமல் டீபக் ஆகிவிடும். அகராதிப்படி ஒரு பிழையும் இல்லாத சொல், இடம் மாறினால் பிழை. எனக்கு என்ஜின்எக்ஸ் மாதிரி முகத்துக்கு நேரே சண்டை போடும் மென்பொருட்களைத்தான் பிடிக்கும். (அதுவும் யோக்கியமில்லை. வந்த ரிக்வெஸ்ட்களைப் பதியும் அக்சஸ் லாக்குக்கு 'ஆஃப்' என்று கொடுத்தால் நின்றுவிடும். எரர் லாக்குக்கும் அப்படியே கொடுத்தால் 'ஆஃப்' என்ற பெயரில் ஒரு ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்துவிடும்.)

துருக்கி மொழியில் சின்ன ஐ-யைப் பெரிய எழுத்தாக்கினால் தலையில் புள்ளி வைத்த ஐ வரும். அந்த ஊர் செட்டிங் உள்ள கம்ப்யூட்டரில் சின்ன எழுத்தில் சரியாக எழுதிய இன்ஃபோகூட லாக்4ஜேவுக்குப் புரியாமல் போனது. பிற்காலத்து 1.2 பதிப்புகளின் சோர்ஸ் கோடில் புள்ளி வைத்த ஐ-யோடு வரும் இன்ஃபோவுக்கென்றே தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். ஓர் எழுத்தின் தலைப்புள்ளிக்காக!

பைத்தான், லெவல் பெயர் தப்பாக இருந்தால் எரர் எறிந்துவிடும். ஆனால் லாகரின் (அப்ளிகேஷனின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெயரில் லாக் எழுதுவது) பெயரில் எழுத்து மாறினால் வாயே திறக்காது. பெயரைக் கேட்டதும் புதிதாக ஒரு லாகரை உருவாக்கிக் கையில் கொடுத்துவிடும். பேமென்ட் என்பதில் 'இ'-யும் 'என்'-னும் இடம் மாறினால், யாரும் பயன்படுத்தாத ஒரு லாகருக்கு நீங்கள் அழகாக லெவல் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். ஜாவா பக்கமும் இதே கதைதான்.

எழுத்தின் அளவும் எழுத்துக்கூட்டலைச் சேர்ந்ததுதான். தேதி வடிவத்தில் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். பெரிய எச் 24 மணிக் கணக்கு, சின்ன எச் 12 மணிக் கணக்கு; மதியம் இரண்டும் இரவு இரண்டும் லாக்கில் ஒரே மாதிரி தெரியும். இவற்றை ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம். ஜாவாவில் சின்ன ஒய் நாலு போட வேண்டிய இடத்தில் பெரிய ஒய் நாலு போட்டால் கண்டுபிடிக்க டிசம்பர் கடைசி வரை காத்திருக்க வேண்டும். பெரிய ஒய், அந்த வாரம் எந்த வருடத்தைச் சேர்ந்தது என்று பார்க்கும். 2019 டிசம்பர் 30-ஆம் தேதி எழுதிய வரி 2020 டிசம்பர் 30 என்று பதிவாகும். வருடம் முழுக்கச் சரியாக ஓடிய உதாரணத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

2021 டிசம்பரில் லாக்4ஜேயில் இருந்த லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. தற்காலிகத் தடுப்பு என்று ஒரு செட்டிங்கின் பெயர் வாட்ஸ்அப் குழு, மெயில், மீட்டிங் சாட் என்று எல்லா வழியிலும் சுற்றியது. நீளமான பெயர், நடுவில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வரும். ஓர் எழுத்து மாறினாலும் லைப்ரரிக்கு அது அறிமுகமில்லாத செட்டிங், அவ்வளவுதான். எச்சரிக்கை வராது, தடுப்பும் இருக்காது. கதவைப் பூட்டிவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் இருக்கும். சரியாக எழுதினாலும் அந்தத் தடுப்பு போதாது, பதிப்பையே உயர்த்துங்கள் என்று லாக்4ஜேவை வெளியிடும் அப்பாச்சி தரப்பு சில நாட்களில் சொல்லிவிட்டது என்பது வேறு விஷயம்.

டிஸ்க் நிரம்பிய அந்த இரவுக்குப் பிறகு எனக்குத் திருத்தும் வெறி வந்தது. ஸ்பெல்லிங் செக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கையேடு முழுவதையும் ஒரே மதியத்தில் சலித்தேன். 140 திருத்தங்கள். பெருமையாக மெர்ஜ் செய்தேன். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் எடுக்கும் பெண் வந்து நின்றாள். "அண்ணா, ரிப்போர்ட்ல இந்த நெடுவரிசை முழுக்க வெறும் கோடா வருதே, வேணும்னே எடுத்துட்டீங்களா?"

பயனர் எந்தப் பக்கத்திலிருந்து நம் தளத்துக்கு வந்தார் என்று காட்டும் நெடுவரிசை அது. பிரவுசர் ரிக்வெஸ்ட்டோடு அனுப்பும் ரெஃபரர் ஹெடர். ஆங்கில அகராதிப்படி அந்தச் சொல்லின் நடுவில் இரண்டு 'ஆர்' வர வேண்டும். எச்டிடிபியில் ஒன்றுதான். பிலிப் ஹாலம்-பேக்கர் முன்மொழிந்தபோதே அப்படி எழுதப்பட்டு, 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற எச்டிடிபி ஆவணத்தில் அப்படியே பதிந்துவிட்டது. அந்தக் காலத்து யூனிக்ஸ் ஸ்பெல்லிங் செக்கருக்கு இரண்டு எழுத்துக்கூட்டலுமே தெரியாதாம். பின்னால் வந்த ரெஃபரர் பாலிசி ஹெடரில் மட்டும் சரியாக இரண்டு 'ஆர்' உண்டு, குழப்பத்துக்குக் குறைவில்லை. நான் கையேட்டில் 'சரி'செய்த வரியை எடுத்துப்போட்டு ஒரு சர்வரைப் புதுப்பித்திருக்கிறார்கள். அப்படி ஒரு ஹெடர் வரவே வராது என்பதால் அந்த இடத்தில் கோடு விழுந்திருக்கிறது. கான்ஃபிக்கைச் சோதிக்கும் கமாண்டும் பச்சைக்கொடி காட்டியிருக்கிறது. எந்த ஹெடர் பெயரைக் கொடுத்தாலும் என்ஜின்எக்ஸ் அதை ஒரு மாறியாக ஏற்றுக்கொள்ளும். இரண்டு வாரத் தகவல் போனது போனதுதான்.

லாக் ஃபைல்களைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டிலும் இப்படி ஒன்று உண்டு. ஃபைல் காலியாக இருந்தால் சுழற்றாதே என்பதற்கான சொல்லில் 'நாட்', 'இஃப்', 'எம்ப்டி' மூன்றும் ஒட்டியிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு 'நோட்டிஃபை'யில் ஒய் விட்டுப்போனது போலத் தெரியும். ஒய் சேர்த்துத் திருத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அதிலிருந்து என் வேலைமுறையை மாற்றிக்கொண்டேன். விளக்க வாக்கியங்களில் உள்ள பிழைகளுக்கு ஒரு கமிட், காப்பி செய்து ஒட்டும் உதாரண வரிகளுக்குள் உள்ளவற்றுக்கு வேறு கமிட். இரண்டையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மற்றவர் பார்த்து ஒப்புக்கொள்ள அனுப்பும் மாற்றம்) கலப்பதே இல்லை. ரிவ்யூ செய்பவர் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு அப்ரூவ் கொடுப்பார். நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். கோட்ஸ்பெல் என்ற கருவி எனக்கு ஒத்துவருகிறது. அகராதியில் இல்லாத எல்லாச் சொல்லையும் சுட்டாமல், வழக்கமாக மக்கள் செய்யும் பிழைகளின் பட்டியலை மட்டும் வைத்துத் தேடும். விட்டுவிட வேண்டிய சொற்களுக்குத் தனிப் பட்டியல் கொடுக்கலாம். எங்கள் பட்டியலில் முதல் சொல் எது என்று சொல்லத் தேவையில்லை.

உதாரண வரிகளில் கைவைத்தால் ஓட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. லாக்பேக் என்றால் கான்ஃபிகரேஷன் டேகில் டீபக்கை ட்ரூ என்று வைத்துக் கிளப்பினால், எந்த லாகருக்கு எந்த லெவல் வைத்தது என்று அதுவே வரி வரியாகச் சொல்லும். என் பக்கத்தை அன்றைக்கே இப்படி ஓட்டியிருந்தால் 'ரூட் லாகரின் லெவல் டீபக்' என்று முதல் நிமிடத்தில் வந்திருக்கும். லாக்4ஜே 1-இல் கிளம்பும்போது 'அப்படி ஒரு பிராப்பர்ட்டி இல்லை' என்று ஒரு வார்ன் வரும். த்ரெஷோல்டில் முதல் 'எச்' விட்டுப்போனால் அது காட்டிக்கொடுக்கும். நாம்தான் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறோம். அக்சஸ் லாக்குக்கு, ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் கமாண்டில் ரெஃபரர் வைத்து ஒரு நிஜ ரிக்வெஸ்ட் அனுப்பி, லாக்கில் விழுந்த வரியைக் கண்ணால் பார்ப்பேன்.

தலைப்புகளைத் தொடும்போதும் யோசிக்க வேண்டும். பெரும்பாலான டாக்குமென்ட் கருவிகள் தலைப்பிலிருந்தே லிங்க்கை உருவாக்குகின்றன. தலைப்பில் ஒரு பிழையைத் திருத்தினால், பழைய லிங்க்கைப் பிடித்து வருபவர் பக்கத்தின் உச்சியில் போய் விழுவார். பழைய லிங்க் வந்து சேரும் அடையாளத்தையும் (நங்கூரம்) விட்டுவைப்பேன். மென்பொருள் வெளியிடும் எரர் செய்தியில் 'ரிசீவ்' தப்பாக இருந்தால், கையேட்டிலும் தப்பாகவே மேற்கோள் காட்டுவேன். தவிப்பில் இருப்பவர் அந்தத் தப்பு எழுத்தை அப்படியே ஒட்டித்தான் தேடுவார். சோர்ஸ் கோடில் போய் அதைச் சரிசெய்வதற்கு முன் யாருடைய அலர்ட் விதி அந்தத் தப்பு எழுத்தை நம்பி நிற்கிறது என்று கேட்டுவிட வேண்டும்.

டிஸ்க்கைக் காலி செய்ய பத்து நிமிடம் ஆனது. பேக்கப்புகளுக்குள் போய்விட்ட கைபேசி எண்களை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க மூன்று மாதம் ஆனது. கையேட்டுப் பக்கத்தைத் திருத்தி இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் புதிதாக வந்த ஒரு ரெப்போவில் பழக்கதோஷத்தில் தேடிப் பார்த்தேன். ஐ, என், ஓ, எஃப். யாரோ தன் லேப்டாப்பில் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்த பழைய நகலிலிருந்து எடுத்திருக்கிறார்.