சைலன்சரிலிருந்து திரும்பி வரும் அலை

பொங்கலுக்குள் தன் யமஹா ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் பைக்கைப் பிரித்துப் புதிதாகக் கட்டிவிட வேண்டும் என்று நிற்கிறான் அக்கா மகன். பெங்களூரில் மழை ஓய்ந்தால் பெயிண்ட் வேலைக்குத் தோதான காலம்தான். டேங்க் நிறம், சீட் தையல் எல்லாம் முடிவாகிவிட்டது. ஜே.சி. ரோட்டில் குட்டையான நேர்க்குழாய் சைலன்சர் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறான். அதை மட்டும் வாங்காதே என்றேன்.

பழைய சைலன்சரைக் கழற்றி, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துளைக்குள் டார்ச் அடித்தேன். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினான். கரி படிந்த விளிம்பைத் தாண்டிப் பிஸ்டன் இறங்க, துளை திறந்தது. இன்னும் இறங்கினால், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை வரும் துளைகளும் திறக்கும். ஏறும்போது அவைதான் முதலில் மூடும், எக்ஸாஸ்ட் கடைசியில். நடுவில் தடுக்க வால்வு கிடையாது.

“அப்போ பெட்ரோல் வெளியே ஓடிடுமே, மாமா?”

ஓடத்தான் செய்யும். அதைத் திருப்பி அனுப்புவதே சைலன்சரின் வேலை.

துளை திறந்ததும் புகையோடு ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அதன் ஒரு பங்கு உறிஞ்சும் அலையாகத் திரும்பி மிச்சப் புகையை இழுக்கிறது. கொஞ்சம் புதுக் கலவையும் கூடவே வந்துவிடுகிறது. மீதி அலை, பின்னால் குறுகும் கூம்பில் மோதி அழுத்தமாகவே திரும்புகிறது. துளை மூடுவதற்குச் சற்று முன் வந்து, தப்பிய கலவையை உள்ளே தள்ளிவிடுகிறது.

நிமிடத்துக்கு 7500 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடி. துளை திறந்திருப்பது ஏறக்குறைய அதில் பாதி. சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். 4 மில்லி நொடியில் 2 மீட்டர். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். டூ ஸ்ட்ரோக் சைலன்சர் அவ்வளவு நீளமாக இருப்பது இதனால்தான். குட்டைக் குழாயில் சத்தம் கூடும், அலை நேரத்துக்கு வராது.

1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் இந்த அலையை ரேஸ் எஞ்சின்களில் பழக்கினார். அங்கே ரேஸ் ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் மேற்கே தப்பி, அந்த வித்தையோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த வருடமே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம்.

குழாயின் நீளம் மாறாது, எஞ்சின் வேகம் மாறும். அதனால் குறிப்பிட்ட வேகத்தில்தான் அலை சரியாக உதவும். ரேஸ் குழாய் மேல் வேகத்தில் சீறும், சில்க் போர்டு நெரிசலில் திணறும். இவன் தினமும் போவது அந்த வழிதான்.

சரி, பழையதே இருக்கட்டும் என்றான். சைலன்சருக்குள் சத்தம் குறைக்கும் பேஃபிளைக் கழற்றி, கரி போகக் காஸ்டிக் சோடாவில் ஊறப் போட்டிருக்கிறோம்.