சர்க்கரையில் பூட்டிய நஞ்சு

இனிப்புச் சோளத்தட்டு கடித்தால் கரும்பு போல இனிக்கிறது, அதே பயிரைக் குருத்தாக மேய்ந்த ஆடு ஏன் செத்துப்போகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்த நஞ்சைப் பூட்டி வைத்திருப்பதே ஒரு சர்க்கரைதான்.

சோளத்தில் இருப்பது டுரின். சோளத்தின் அரபிப் பெயரை ஒட்டி, 1902இல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இருவர் விவரித்த பொருள். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செடி இதைச் செய்து, கடைசியில் ஒரு குளுக்கோசை ஒட்டிவிடுகிறது. குளுக்கோஸ் ஒட்டியிருக்கும் வரை சயனைடு என்ற அந்த நஞ்சு வெளியே வராது. அதைக் கழற்றும் நொதியும் அதே இலையில் இருக்கிறது. ஆனால் டுரின் இருப்பது மேல்தோல் செல்களின் நுண்குமிழ்களில். நொதி இருப்பது உள்ளடுக்கின் பசுங்கணிகங்களில். ஆடு ஒரு வாய் மென்றால் போதும், சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. குளுக்கோஸ் கழன்றதும் மிச்சம் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. கடிக்கிறவரின் பல்லைக் கொண்டே செடி அந்த நொடியில் நஞ்சைத் தயாரிக்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்புறம் எல்லாம் வேகம்தான். செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை சயனைடு முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்களால் எடுத்துக்கொள்ள முடியாததால் ரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். கண்ணேறு என்று எலுமிச்சை சுற்றும் நேரத்தில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி சரியான நேரத்தில் ஏறினால் பிழைக்க வழியுண்டு.

குருத்துப் பயிரிலும், வறட்சியில் வாடி மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் டுரின் அதிகம். யூரியாவை அள்ளிப் போட்டாலும் கூடும். பயிர் முற்ற முற்றக் குறையும். இனிப்புச் சோளத்தின் தண்டில் சர்க்கரை நன்றாக ஏறுவதும் பூத்த பிறகுதான். அதனால் பூக்கும் வரை பொறுத்து அறுத்தால் இரண்டு விதத்திலும் லாபம். காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப்புல்லாகப் (சைலேஜ்) போட்டால் அந்தச் சர்க்கரையே நொதித்து லாக்டிக் அமிலமாகித் தீவனத்தைக் காக்கும். சயனைடிலும் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும்.

டுரினே இல்லாத சோளத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். வேறு மரபணு எதையும் புகுத்தாமல், சடுதிமாற்றத்தைத் தூண்டித் தேர்ந்தெடுத்தது அது. அந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இங்கேயும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை பிக்ரேட் தாளாவது ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் இருக்கட்டும். நசுக்கிய இலையோடு மூடிய புட்டிக்குள் தொங்கவிட்டால், சயனைடு இருக்கும்போது அந்த மஞ்சள் தாள் செங்கல் நிறமாகும்.