பதினொரு போத்தல்கள்

ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர், எழுபதை நெருங்குகிறவர், துணிக்கடைப் பையோடு வந்தார். என் மேசையில் பதினொரு போத்தல்களை வரிசையாக அடுக்கினார். எல்லாம் கனடாவிலிருந்து மகன் அனுப்பிய சத்துக் குளிசைகள். நடுவில் என்.எம்.என். என்று எழுதிய வெள்ளைப் போத்தல்.

"இது ஆளை இளமையாக்குமாம் டொக்டர். எலியில செய்து பாத்திருக்கினம்."

ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்து, மஞ்சள் கோடிட்டு, ஃபைலில் கோத்திருந்தார்.

செருப்பைக் கழற்றச் சொன்னேன். வலது பெருவிரலுக்கு அடியில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு புண். அவருக்குத் தெரியவே தெரியாது. சீனி வருத்தத்தில் நரம்பு மரத்தால் நோவு தெரியாது. மெற்போமின் குளிசையை விட்டு ஐந்து மாதமாம். ஏன் என்றேன்.

"அது கிளினிக்கில சும்மா குடுக்கிறதுதானே."

பாதிக் காரணம் அந்த 'சும்மா'வில் இருக்கிறது. மெற்போமின் 1957 முதல் சீனி வருத்தத்துக்குக் கொடுத்துவரும் மருந்து. என்.எம்.என். மனித ஆயுளைக் கூட்டும் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் விலை கூடியது பெறுமதியானது என்று நம்பியே பழகிவிட்டோம்.

இவரைப் போன்றவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எந்தச் சிக்கலையும் படித்து, காசைப் போட்டு, சரியான ஆளைப் பிடித்துத் தீர்த்தே வாழ்ந்தவர்கள். முதுமை அப்படித் தீராது. அதோடு, மூளை கூர்மையானால் மனம் விரும்பியதற்கு நியாயம் தேடுவதும் சுலபம். லைனஸ் பாலிங் 1954 இல் இரசாயனவியலுக்கும் 1962 இல் சமாதானத்துக்கும் நோபல் பரிசு பெற்றவர். விற்றமின் சி-யைக் கூடிய அளவில் எடுத்தால் புற்றுநோய்க்கு நல்லது என்று நம்பினார். அமெரிக்காவின் பெரிய மருத்துவமனையான மேயோ கிளினிக் அதைக் குளிசையாகக் கொடுத்துச் சோதித்து, 1979 இலும் 1985 இலும் பலனில்லை என்று அறிவித்தது. அவர் ஏற்கவில்லை.

புண்ணுக்கு மருந்து கட்டும்போதுதான் ஐயா மெல்லச் சொன்னார். அவரோடு ஒரே வகுப்பில் படித்த மூன்று பேர் ஒரு வருடத்துக்குள் போய்விட்டார்கள். மூன்று செத்தவீட்டுக்கும் போயிருக்கிறார். "அடுத்தது நான்தானோ எண்டு இரவில நித்திரையில்லை."

ஒவ்வொரு முறையும் இரத்தச் சோதனையைப் பார்த்து, குளிசை எழுதி, மூன்று நிமிடத்தில் அனுப்பியிருக்கிறேன். இதைக் கேட்டதேயில்லை. போத்தல் விற்கிறவனோ யூடியூப்பில் ஒரு மணித்தியாலம் அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேசுகிறான்.

புண் ஆற ஏழு கிழமை பிடித்தது. மெற்போமினைத் திரும்பத் தொடங்கிவிட்டார். இரண்டு போத்தலை இன்னும் விடவில்லை, சரி, அவற்றால் ஆபத்தில்லை என்று பார்த்துவிட்டேன்.

நீங்களும் வேறு ஏதாவது எடுத்தால் பையோடு கொண்டுவாருங்கள். நான் ஏச மாட்டேன். கிளினிக் குளிசையை மட்டும் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.